நேராக மட்டும் போன கார்

கார் வாங்குகிறவர்கள் ஊரெல்லாம் விசாரிப்பார்கள். டயர் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துப் போட்டதை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. எங்கள் அம்பாசிடருக்கு டயர் வாங்க நான் விசாரித்த அளவுக்கு, என் தம்பி முரளிக்குப் பெண் பார்த்தபோதுகூட யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் அவன் கல்யாணத்தையே அந்த டயர்கள் உருட்டிவிடப் பார்த்தன.

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் கணவர் ராஜேந்திரன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நான் எதைச் சொன்னாலும் “சரி விஜயா” என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்துத்தான் யோசிக்க ஆரம்பிப்பார். அவருடைய சித்தப்பா வீடு மாறிப் போனபோது எங்களிடம் விட்டுச்சென்ற பழைய கார் அது.

முரளிக்குத் திண்டிவனத்துப் பெண் கலாவதி நிச்சயமானாள். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள் பெண் வீட்டார். வேண்டவே வேண்டாம், என் தம்பி எங்கள் காரில்தான் வருவான் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். (கார் வைத்திருக்கிறோம் என்று சம்பந்தி வீட்டுக்கு வேறு எப்படித்தான் தெரிவதாம்?)

சிக்கல் என்னவென்றால், டயர்கள் நான்கும் உள்ளங்கை மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒருமுறை கண்டமங்கலம் போய்த் திரும்பும்போது சின்னத் தூறலுக்கே கார் சறுக்கி, எதிரே வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றது. பின் சீட்டில் இருந்த என் அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: “இந்த வண்டியில எம்புள்ளய ஏத்துனீங்கன்னா நான் கல்யாணத்துக்கே வரமாட்டேன்.”

நான் உடனே சபதம் எடுத்தேன். டயர் மாறும், தம்பி எங்கள் காரில்தான் வருவான், அம்மாவும் வருவாள்.

டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் வேறு வேலை கிடையாது. லைன் கிடைக்கும்வரை அவர்களிடம் டயர் பற்றி விசாரித்தேன். (மேலதிகாரி காதில் விழுந்திருந்தால் என்னைப் பென்ஷன் இல்லாமல் அனுப்பியிருப்பார்.) ஒரு டாக்டர், மெல்லிய கோடு போட்ட டயர்தான் நல்லது, சத்தம் போடாது என்றார். ஒரு வக்கீல், எந்த டயரும் ஒன்றுதான், சென்னை லைன் என்னம்மா ஆச்சு என்றார். அனந்தபுரத்தில் மல்லாட்டை மில், அதாவது நிலக்கடலை உடைக்கும் மில், வைத்திருந்த ஒருவர் மட்டும் பொறுமையாகப் பேசினார். “மேல பட்டன் பட்டனா ஆழமா வெட்டியிருக்கற டயரா பாத்து வாங்குமா. சேத்துல போய்க்கினு இருந்தாலும் புடிச்சிக்கும்.”

என் தம்பி சேற்றில் மாப்பிள்ளை அழைப்பு நடத்தப்போவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆழம் என்ற வார்த்தை மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். டயர் கடைக்காரர் எங்கள் காரைப் பார்த்ததுமே வழக்கமான டயர் ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதன் கோடுகளுக்குள் விரல் நகத்தை விட்டுப் பார்த்தேன். ஆழமில்லை. அடுத்ததும் அப்படியே. கடையின் மூலையில் தூசி படிந்த நான்கு டயர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பாதி விரல் உள்ளே போனது.

“இது கொஞ்சம் பெரிய சைசும்மா” என்றார் கடைக்காரர்.

பெரியது என்றால் நல்லதுதானே. ரிம்மில் உட்காருமா என்று கேட்டேன். ஜம்மென்று உட்காரும் என்றார். உட்கார்ந்தபிறகு திரும்புமா என்று நான் கேட்கவில்லை. பல வருஷமாக விலைபோகாத சரக்கு விற்கிற சந்தோஷத்தில் அவரும் சொல்லவில்லை.

மாட்டி முடித்ததும் கார் ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல் எனக்குத் தெரிந்தது. விழுப்புரம்வரை நேர் ரோடு. கார் கம்பீரமாகப் போனது. எங்கள் தெருவில் திரும்பும்போதுதான் முன்பக்கத்திலிருந்து யாரோ தேங்காய் துருவுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

டயர் மட்கார்டில் உரசுகிறது, ஸ்டியரிங்கைப் பாதிக்குமேல் ஒடிக்க முடியவில்லை என்றார் என் கணவர். புதுச் செருப்புகூடத்தான் முதலில் கடிக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். சரி விஜயா என்றார். ஒரு நிமிஷம் கழித்து அவர் யோசித்திருப்பார். அதற்குள் நான் அம்மாவிடம் டயர்களைக் காட்டப் போய்விட்டேன். அம்மா நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்று சம்மதித்தாள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று திண்டிவனம் பிள்ளையார் கோவில் வாசலில் காருக்கு மாலை போட்டார்கள். பின் சீட்டில் கோட்டும் சூட்டும் மாலையுமாக முரளி. முன் சீட்டில் நான். முன்னே நாதஸ்வரம், பின்னே தட்டு ஏந்திய பெண்கள், அவர்களுக்கும் பின்னே வழி கிடைக்காமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த ஒரு டவுன் பஸ். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பெருமையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

கல்யாண மண்டபம் வலதுபக்கச் சந்துக்குள் இருந்தது. நாதஸ்வரக்காரர்கள் திரும்பினார்கள். என் கணவரும் திருப்பினார். தேங்காய் துருவும் சத்தம் கேட்டது, கார் முக்கால்வாசி நேராகவே நகர்ந்து எதிர்க்கடை வாசல் பக்கம் போனது. பின்னால் எடுக்கலாமென்றால் ஒரு அடி இடமில்லை. பெண்கள் தட்டோடு நாதஸ்வரத்தின் பின்னால் சந்துக்குள் போய்விட்டார்கள், அந்த இடத்துக்கு பஸ் வந்துவிட்டது. அதன் டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

“அடுத்த தெருவுல திருப்பிக்கிறேன் விஜயா” என்றார் கணவர். அடுத்த தெரு இன்னும் ஒடுக்கமாக இருந்தது. அதற்கடுத்த தெருவில் ஒரு மாட்டு வண்டி நின்றது. மேளச் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே போனது. “மாமா, எங்க போய்க்கினு இருக்கோம்?” என்றான் முரளி. அவர் அடுத்த திருப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வலதுபக்கம் அகலமான வாசல் ஒன்று தெரிந்தது. கார் எத்தனை சோம்பேறித்தனமாகத் திரும்பினாலும் நுழைந்துவிடலாம். உள்ளே போய்த் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வாழைமரம் கட்டியிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அது வேறொரு கல்யாண மண்டபம். கார் நின்ற நொடியில் கதவைத் திறந்தார்கள். தலையைக் குனிந்தே பழகியிருந்த முரளி, குனிந்தபடியே இறங்கிவிட்டான். ஒரு அம்மாள் ஆரத்தி சுற்றி, அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

“போட்டோல மீசை இல்லியே” என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

“இப்ப வச்சிருப்பாரு” என்றாள் ஆரத்தி எடுத்தவள்.

கதவில் மாட்டிக்கொண்ட பட்டுப்புடவையை உருவிக்கொண்டு நான் இறங்குவதற்குள் பட்டுவேட்டிக்காரர் ஒருவர் முரளியின் கையைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டிருந்தார். முரளி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தான். ஆனால் நடந்துகொண்டேதான் இருந்தான். (அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் மறுபேச்சில்லாமல் போகவேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாளாம்.)

நான் ஓடிப்போய் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். “இது எங்க வீட்டு மாப்பிள்ளைங்க. விடுங்க” என்றேன். “பொண்ணு வீடு நாங்கதானே?” என்று அவர் குழம்பினார். நான் இழுத்தேன், அவரும் விடவில்லை. அந்த நேரத்தில் வாசலில் இன்னொரு மேளம் கேட்டது. மீசையில்லாத ஒரு மாப்பிள்ளை வந்து இறங்கினார். பட்டுவேட்டிக்காரர் என் தம்பியின் கையைச் சுடுபாத்திரத்தை விடுவதுபோல் விட்டார்.

கார் அந்த முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து, கோலத்தையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. இனி அதை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாலையும் கோட்டுமாக இருந்த மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து மெயின் ரோட்டில் நடத்திக்கொண்டு போனேன். அதே டவுன் பஸ் திரும்பி வந்து எங்களைத் தாண்டிப் போனது. அந்த டிரைவர் இப்போது ஹார்ன் அடிக்கவில்லை, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

எங்கள் மண்டப வாசலில் மேளம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, ஓடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியிருந்தது. கலாவதியின் அப்பா ஒரு நாற்காலியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். என்ன நடந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன், டயரில் ஆரம்பித்து. அவர் துண்டை எடுத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மேளக்காரர்கள் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆரத்தித் தட்டோடு வந்த கலாவதியின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முரளியின் நெற்றியைப் பார்த்து, “இந்தப் பொட்டு யாரு வச்சது?” என்று கேட்டார். அவரே முந்தானையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு, பெரிய பொட்டாக ஒன்று வைத்தார்.

கல்யாணம் முடிந்ததும் அந்த டயர்களை அனந்தபுரத்து மில்காரர் தலையிலேயே கட்டினேன். தண்ணீர் டேங்க் வண்டிக்கு அருமையாகப் பொருந்துகிறது என்று டிரங்க் கால் போட்டுச் சொன்னார்.

முரளிக்கு இப்போது பேரன் இருக்கிறான். இன்றைக்கும் முரளி வீடு திரும்ப நேரமாகிவிட்டால் கலாவதி அவனைக் கூப்பிடுவதில்லை. எனக்குத்தான் போன் வரும். குரலில் ஒரு பதற்றமும் இருக்காது.

“அண்ணி, உங்க தம்பி இன்னிக்கு எந்த மண்டபத்துல எறங்கியிருக்காரு?”