ஆணி அடிக்க ஒரு வீடு

இனி ஒரு வீடு எழும்பினால் அது தன் பெயரில்தான் எழும்ப வேண்டும் என்று நல்லரத்தினம் மாஸ்டர் தீர்மானித்தார். கூடாரத்துக்குள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆகவே குனிந்தபடியே தீர்மானித்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆணி.

களுதாவளைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்வார். மாஸ்டர் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியும் ஓர் ஆங்கில அகராதியுமாகச் சீதேவிப்பிள்ளையின் சீதன வீட்டுக்கு வந்தார். வந்த கிழமையே தன் ஆசிரியர் சான்றிதழைக் கொழுவ ஆணியும் சுத்தியலும் எடுத்தார்.

"சுவர் வெடிக்கும்," என்றாள் சீதேவி. "இது என்ட வீடு."

சான்றிதழ் கட்டிலுக்கு அடியில் போனது. அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு மார்கழிக் காலையில் கடல் வந்து கட்டில், சான்றிதழ், சுவர் மூன்றையும் பாரபட்சமில்லாமல் கொண்டுபோனது. மாஸ்டர் அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சீதேவி மகள் கம்சாயினியை இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் மடியில் எதையோ செருகியிருந்தாள். அது என்னவென்று கேட்க மாஸ்டருக்கு அன்று மூச்சு இல்லை. பிறகு ஞாபகம் இல்லை.

பத்து மாதம் கழித்து, பிரான்சிலிருந்து வந்த ஒரு நிறுவனம் வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. பொறுப்பாளர் எலோடி என்ற இளம்பெண். அவள் ஆங்கிலம் பேசுவது செருப்புக்குள் கல்லோடு நடப்பது போல இருக்கும். கொழும்பிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர், பாதையில் பிரச்சினை என்று வரவில்லை.

"நான் இருக்கிறேன்," என்றார் மாஸ்டர். "பிரெஞ்சும் கொஞ்சம் வரும்."

வராது. ஆனால் பதிவு நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மட்டக்களப்பில் ஒரு பாதிரியாரிடம் மெல்லிய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினார். எண்பது பக்கக் கொப்பியில் நான்கு நிரல் கீறினார்: ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, கருத்து. இங்கிலீசுக்காரன் பாதிச் சொல்லைப் பிரெஞ்சுக்காரனிடம் எடுத்துத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டேபிளுக்கு 'தாப்ல்', சீமெந்துக்கு 'சிமான்'. மூக்கு ஒத்துழைத்தால் போதும்.

மாலையில் சீதேவி இறால் உரித்தபடி கொப்பியை மடியில் விரித்துக் கேள்வி கேட்பாள். பதில் வந்தே தீரும். முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேட்டவர், தன்னைக் கேட்டால் விடுவாரா?

"கதவு?"

"போர்த்."

"புருஷன்?"

"மாரி."

"பொருத்தம்தான். வருஷத்தில ரெண்டு மாசம் முழங்கிப்போட்டுப் போயிரும்."

"பகிடிய விட்டுட்டு அடுத்ததக் கேள் புள்ள."

"கடைசிப் பக்கத்தில தனியா ஒரு வரி கிடக்கு. 'லு ப்ரொப்ரியெத்தேர், செ முவா.' என்ன இது?"

மாஸ்டருக்கு வியர்த்தது. "அது... வாங்க, இருங்க எண்டு வரவேற்கிற."

"ஓ," என்றாள் சீதேவி. இறால் தலையைத் திருகி எறிந்தாள்.

வரவேற்பு என்று சொல்லிவிட்டார்தான். ஆனால் கருத்து எழுதாமல் ஒரு சொல்லைக் கொப்பியில் விட்ட பழக்கம் அவருக்கு வாழ்நாளில் கிடையாது. பக்கத்திலேயே, முத்து முத்தாக, 'வீட்டு உரிமையாளர் நான்தான்' என்று எழுதியிருந்தது.

பதிவு நாள் வந்தது. விடிய எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டதால் எலோடி அவசரத்தில் இருந்தாள். மத்தியானத்துக்குள் பட்டியலை முடிக்க வேண்டும். பெயர் விழாதவர்களுக்கு அடுத்த பதிவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூட வளவில் போட்டிருந்த மேசை முன்னால் ஆட்கள் நெருக்கினார்கள். மாஸ்டர் பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாருக்கும் நேர்மையாக மொழிபெயர்த்தார். கடைசியில் தன் முறை வந்தது. தொண்டையைச் செருமினார்.

"லு ப்ரொப்ரியெத்தேர், செ முவா."

எலோடி சிரித்தாள். பேனா படிவத்தில் இறங்கியது. என், ஏ என்று இரண்டு ஆங்கில எழுத்து விழுந்திருக்கும்.

"கொஞ்சம் பொறுங்க பிள்ள," என்று சீதேவி மேசைக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துப் பிரித்தாள். கடலுக்குத் தப்பி ஓடியபோது செருகிய பொருள் அதுதான்: காணி உறுதிப் பத்திரம். படிவத்தின் மேல் விரித்தாள். பிறகு மாஸ்டருக்கு முன்னால் கிடந்த எண்பது பக்கக் கொப்பியைத் திறந்து, இறால் உரிக்கும் அதே குரலில் கேட்டாள்.

"காணி?"

"தெரேன்," என்றார் மாஸ்டர். வாய் தானாகவே திறந்தது.

"உரிமையாளர்?" சீதேவியின் விரல் உறுதியில் தன் பெயரில் நின்றது.

"ப்ரொப்ரியெத்தேர்."

விரல் உறுதியிலிருந்து அவள் நெஞ்சுக்கு வந்தது. "பொஞ்சாதி?"

மாஸ்டர் பல்லைக் கடித்தார். வரிசையில் நின்ற சாமித்தம்பி, மாஸ்டரின் பழைய மாணவன், "சேருக்கு மறந்துபோச்சுப் போல," என்று முணுமுணுத்தான்.

"ஃபாம்," என்றார் மாஸ்டர் உரக்க.

எலோடியின் பேனா நின்றது. அவள் உறுதியைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள்.

"மகள்?"

"ஃபீய்." கம்சாயினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீடு இல்லாமல் அவளுக்குக் கலியாணம் பேச யாரும் படியேற மாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மாஸ்டருக்கும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

சீதேவி கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்த ஒற்றை வரியின் மேல் விரலை வைத்தாள். "பொய்?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். தெரிந்த விடையைச் சொல்லாமல் விடுவது அவரால் ஆகாத காரியம்.

"மான்ஸோன்ஜ்," என்றார்.

எலோடி அந்த இரண்டு எழுத்தையும் மெதுவாக வெட்டினாள்.

அடுத்த வருஷ மார்கழிக்கு முன் வீடு எழும்பியது. உரிமையாளர் சீதேவிப்பிள்ளை, அவளுக்குப் பின் கம்சாயினி. நிறுவனம் மாஸ்டருக்கு மொழிபெயர்த்ததற்காக ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தது. சட்டம் போட்டு எடுத்து வந்து, முன்சுவரைத் தடவிப் பார்த்தார்.

"புள்ள, ஒரே ஒரு ஆணி."

"ஓம், அடியுங்க," என்றாள் சீதேவி.

மாஸ்டருக்குக் காதை நம்ப முடியவில்லை. சுத்தியலை எடுத்தார்.

"ஆணிக்குப் பிரெஞ்சில என்ன எண்டு மட்டும் சொல்லிப்போட்டு அடியுங்க."

கொப்பியின் எண்பது பக்கத்தையும் புரட்டினார். ஆணி எங்கும் இல்லை. பாதிரியாரின் புத்தகம் பாதிரியாரிடம் போய்விட்டது. பாதிரியார் ரோமாபுரிக்குப் போய்விட்டார்.

நன்றிக் கடிதம் இப்போது புதுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.