பெரியப்பாவின் சோம்பலுக்கு ஆதரவாக

இலத்தூர்,
செவ்வாய் இரவு.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் ஜெயபிரியா வணக்கத்துடன் எழுதுவது. இதை யாரிடமும் காட்டாதீர்கள், பெரியம்மாவிடம்கூட. படித்ததும் கிழித்து வாய்க்காலில் போட்டுவிடுங்கள். விடிவதற்குள் உங்கள் ஸ்கூட்டர் பெட்டியில் எண்ணெய்ச் சீசாவுக்குப் பக்கத்தில் இதை வைத்துவிடுவேன். நீங்கள் தவறாமல் திறக்கும் இடம் அது ஒன்றுதான். ஆழ்குழாய்க் கிணற்றுச் சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லாததால், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமலை வைத்தே நீங்கள் சுகம் என்று தெரிந்துகொள்கிறேன்.

விஷயம் இதுதான். நாளை புதன்கிழமை நீங்கள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கும் நேரத்தில், அப்பா உங்கள் மக்காச்சோளத்துக்கும் சேர்த்து மருந்தடிக்கப் போகிறார். பாசம் ஒன்றும் இல்லை. எங்கள் வயலில் படைப்புழு சாகாததற்கு நீங்கள் மருந்தே அடிக்காததுதான் காரணமாம். “அண்ணன் வளத்து அனுப்புதான், நான் கொன்னுக்கிட்டே இருக்கேன்” என்று இசக்கிராஜா அண்ணாச்சியின் மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார். கொன்னுக்கிட்டே இருக்கிறாராம். முதல் தடவை டேங்குக்கு ஒரு மூடி ஊற்றினார். சாரல் பாதியைக் கழுவிக்கொண்டு போனது. மிச்ச மருந்தைத் தாங்கிய புழுக்கள் பிழைத்தன. அடுத்து இரண்டு மூடி. அதையும் தாங்கியவை பிழைத்தன. மூன்றாவதாக அண்ணாச்சி புது மருந்து என்று சிங்கப் படம் போட்ட டப்பாவைக் கொடுத்தார். லேபிளைப் படித்தேன், உள்ளே இருப்பது பழைய மருந்தேதான். அப்பா சிங்கத்தை மட்டும் பார்த்தார். பிழைத்த புழுக்களில் சிலவற்றைப் பிடித்து என் கட்டிலுக்கு அடியில் பிரியாணி டப்பாவில் வளர்த்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுதான் மிச்சம், மற்றவற்றைத் தின்றுவிட்டு நெற்றியில் படைப்புழுவுக்கே உரிய தலைகீழ் நாமத்தோடு கொழுத்துக் கிடந்தது. மூன்று தடவை அடித்தும் ஆகாததை அது ஒரே ராத்திரியில் செய்துவிட்டது.

பெரியப்பா, மருந்தைத் தாங்கும் குணம் பரம்பரையாக இறங்குவது. புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி. தாங்கும் அந்துப்பூச்சி இன்னொரு தாங்கும் அந்துப்பூச்சியையே கட்டினால் பிறப்பதெல்லாம் தாங்கும். உங்கள் வயலில் மருந்து வாசமே தெரியாமல் வளர்ந்த நோஞ்சான் மாப்பிள்ளை வந்து கட்டினால், பிள்ளைகளும் நோஞ்சானாக வழி உண்டு. நம் வீடுகளுக்குள் கல்யாணம், சடங்கு என்று போக்குவரத்து இல்லையே தவிர, ராத்திரியானால் வரப்பு தாண்டிச் சம்பந்தம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது உங்கள் சோம்பல். தெரிந்து செய்தீர்கள் என்று சொல்ல மாட்டேன்; உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வயலிலும் அடித்துவிட்டால் மிஞ்சுவதெல்லாம் தாங்குகிற சாதிதான். அப்புறம் எந்தச் சிங்கம் வந்தாலும் இரண்டு வயலும் மொட்டைதான்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். “ஏட்டி, புழுவுக்குக் கல்யாணம் பேசவா உன்னைப் படிக்க வைக்கேன்? இன்னொரு தடவ இந்தப் பேச்சை எடுத்தா பன்னெண்டாவதோட நிறுத்திருவேன்” என்றார். நிறுத்திவிடுவார். யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்றால் அவர் உடனே செய்துவிடுவார். எனக்கு விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நாளை ஒரு நாள் அருவியை விட்டுவிட்டு உங்கள் வரப்பில் நில்லுங்கள். வேலை எதுவும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். உங்களுக்கு வராத காரியத்தை நான் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வயல் நோஞ்சான்கள் பேரன் பேத்தி எடுத்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தம்பி மகள் ஜெ.

பின்குறிப்பு: வாசல் கதவை யாரோ தட்டினார்கள், அப்பா திறந்துவிட்டார். இருமல் கேட்கிறது. பெரியப்பா, அது உங்கள் இருமல். “ஏலே தம்பி, பழசெல்லாம் விடு. எனக்கும் புழு விழுந்துட்டு. அந்தச் சிங்கப் படம் போட்ட மருந்து டேங்குக்கு எத்தன மூடிலே?” என்கிறீர்கள். “உள்ள வா அண்ணே, நாளைக்கு உனக்கும் சேத்துதான் அடிக்க இருந்தேன்” என்கிறார் அப்பா. இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அம்மா காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறாள். “இரு அண்ணே, பிள்ளையக் கூப்பிடுதேன். அவதான் லேபிள எல்லாம் வாசிப்பா.” பெரியப்பா, அப்பா இப்போது என் கதவைத்