கவனக் கண்காணிப்பில் ஒரு சாதனை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அப்புறம் செய்த ஒரே உருப்படியான காரியம், எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளக் கமிட்டி போன மாதம் எடுத்த முடிவுதான். செயலாளரான நானே இதைச் சொல்லக் கூடாது. வேறு யாரும் சொல்லித் தொலைக்கவில்லை என்பதால் சொல்கிறேன்.

போனில் மெசேஜ் பார்க்கிறவனுக்கு ஆபத்து கண்ணெதிரே வந்தாலும் கை கால் எழும்பத் தாமதமாகும் என்று எங்கோ படித்தேன். பகீரென்றது. குளத்தைக் காவல் காக்கும் மாஸ்டர் வேலை நேரத்தில் போன் பார்க்கக் கூடாது என்று அன்றே தடை போட்டோம். தடையை மதிக்கிறாரா என்று அடிக்கடி மெசேஜ் அனுப்பி விசாரிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். உடனே பதில் வராவிட்டால் வேலை காலி.

"சார், தண்ணியைப் பார்க்கவா, போனைப் பார்க்கவா?" என்றார் மாஸ்டர்.

"ரெண்டையும் பாருங்க. ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு?"

மனிதர் சீக்கிரமே தேறிவிட்டார். "போன் பார்க்கறீங்களா?" என்று நான் தட்டி முடிப்பதற்குள் "இல்லை சார்" என்று வந்து விழும். எனக்குப் புல்லரிக்கும். என் மனைவியிடம் இந்தச் சுறுசுறுப்பு இல்லை. பதில் போடத் தாமதிக்கிறாள் என்று கமிட்டி 'குரூப்'பிலிருந்து அவளை நானே நீக்கினேன். கடமை என்று வந்துவிட்டால் எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரை நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் நின்ற மாஸ்டரை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"முழு கவனமா இருக்கீங்களா?"

"முழு கவனம் சார்."

அந்த நேரம் பார்த்து என் மகள் ஆழமான பக்கம் போய்த் தண்ணீருக்குள் முங்கிவிட்டாள். துண்டு எடுத்துக்கொண்டு வந்த என் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்து அவளை இழுத்துப் போட்டாள். நல்லவேளை, பிள்ளை இருமினாள், அழுதாள், பிழைத்தாள். எனக்கு உயிரே போய் வந்தது.

அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"மாஸ்டரை இப்பவே வேலையை விட்டு அனுப்பணும்!"

"சார், உங்க மெசேஜுக்குத்தான் பதில் போட்டுட்டு இருந்தேன். வேலை போயிடும்னு பயம்," என்றார் மாஸ்டர்.

"சாக்குப்போக்கு வேண்டாம்! கண்ணுதான் பார்க்கல, காது எங்க போச்சு? குழந்தை ஒரு தடவைகூடவா கூப்பிட்டிருக்க மாட்டா?"

அம்மா மடியில் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்ப்பா. மாஸ்டரை இல்ல, உங்களை. 'இரும்மா, மாஸ்டர் டைப் பண்ணிட்டு இருக்கார்'னு சொன்னீங்க."