ஒன்பதாம் பொருளில் மிகுந்த ஒற்று

ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகல், பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு கூடியிருந்தது. புதிய படிப்புகளுக்கு ஒப்புதல் அளிப்பதும் மறுப்பதும் அதன் வேலை. நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாம் பொருளுடைய தலைப்பு திரையில் விழுந்ததும் மொழித் துறைப் பேராசிரியை எழுந்தே விட்டார்.

‘பிழைத்திருத்தல்: ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு’ என்றிருந்தது.

அவர் அனுப்பியதோ ‘பிழை திருத்தல்’. அச்சுக்குப் போகும் எழுத்தில் தவறு களையக் கற்றுத்தரும் படிப்பு. தட்டச்சில் யாரோ ஒரு ‘த்’தைக் கூடுதலாகச் செருகி, அதைப் பிழைத்து இருப்பதற்கான படிப்பாக்கிவிட்டார்கள் போலும்.

முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ‘ஒற்றம்மா’ என்று அழைக்கும் அவர் பெயரில் ஓர் ஒற்றுப்பிழை! அதைவிடப் பெரிய கவலையும் இருந்தது. இந்தப் படிப்பு இன்று தேறாவிட்டால் மொழித் துறையை வணிகவியல் துறையோடு இணைத்துவிடுவார்கள். வணிகவியல் தலைவர் பேராசிரியையின் அறைச் சன்னலுக்குத் திரைச்சீலை அளவே எடுத்துவிட்டார்.

“உக்காருங்கம்மா. முதல்ல மத்தவங்க பேசட்டும்,” என்றார் துணைவேந்தர்.

“நல்ல படிப்பு,” என்று தொடங்கினார் மருத்துவத் துறைத் தலைவர். “வெள்ளம், தீ, விபத்துன்னா நம்ம பசங்களுக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னே தெரியல.”

“நீச்சல் குளம் தயாரா இருக்கு சார்,” என்று பூரித்தார் உடற்கல்வி இயக்குநர். “கயிறு, கூடாரம் எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

இவருக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் பேராசிரியை ஒரு பார்வை பார்த்தார். இயக்குநர் அடங்கிப்போனார்.

தலைப்பே தவறு என்று ஒப்புக்கொண்டால், விண்ணப்பம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். அது விதி. ஆகவே, பாடத்தை விளக்கிச் சபையை வழிக்குக் கொண்டுவரலாம் எனப் பேராசிரியை கணக்குப் போட்டார்.

“ஐயா, இதுக்குக் கண்ணு கூர்மையா இருக்கணும். வரி வரியாப் பாத்துக் கண்டுபிடிக்கணும்.”

“வரி வரியாவா?” மருத்துவர் நிமிர்ந்தார். “புலி வரைக்கும் போறீங்களா?”

“காட்டுக்கெல்லாம் போகலீங்க. பசங்க அதிகமா மாட்டிக்கறது சந்தியிலதான்.”

“ரொம்ப உண்மை,” என்றார் துணைவேந்தர். “நம்ம வாசல் சந்தியிலயே நேத்து ரெண்டு பைக் மோதிக்கிச்சு. போக்குவரத்தையும் சேத்துக்கங்க.”

“அந்தச் சந்தி இல்லீங்க. நான் சொல்றது ஒற்று. அது எங்க மிகும், எங்க மிகாதுன்னு தெரியாம ஒருத்தரும் தப்பிக்க முடியாது.”

வணிகவியல் தலைவர் முதன்முறையாக வாய் திறந்தார். “ஒற்றுன்னா வேவு பாக்கறதுதானே? அதுக்குப் போலீஸ் அனுமதி வேணுமே.”

“போலீஸ்கிட்ட நான் பேசிக்கறேன்,” என்றார் துணைவேந்தர். “எல்லாருக்கும் சம்மதம்தானே?”

கைகள் உயர்ந்தன. வேறு வழியின்றி வணிகவியல் தலைவரின் கையும் உயர்ந்தது. இனி வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தால் போதும், துறை பிழைத்துவிடும். ஆனால் திரையிலிருந்த அந்த ‘த்’ கண்ணில் விழுந்த தூசியைப்போல் உறுத்திக்கொண்டே இருந்தது. பேராசிரியை விடுவிடுவென்று கரும்பலகைக்குப் போய் இரண்டு சொற்களையும் எழுதினார்.

“இது பிழையைத் திருத்தல். இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. அது பிழைத்து இருத்தல். இவ்வளவு நேரமா நீங்க பேசினது அதை; நான் கேக்கறது இதை. ஒரே ஓர் எழுத்து, இத்தனை படிச்சவங்களைப் புலிகிட்டயும் போலீஸ்கிட்டயும் கூட்டிட்டுப் போயிருக்கு. அதைத் திருத்தக் கத்துக்குடுக்கணுமா, வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. தள்ளி வைக்கறதுன்னா வைங்க.”

உடற்கல்வி இயக்குநர் பாதி எழுந்தார். பேராசிரியை சுண்ணக்கட்டியோடு திரும்பியதும் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரித்தவர் துணைவேந்தர். பிறகு மேசையே குலுங்கியது. தூக்கிய கைகளில் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

முடிவு இதுதான்: விதியைத் தளர்த்தி, ஒன்பதாம் பொருளின் தலைப்பை ‘பிழை திருத்தல்’ எனத் திருத்தி, அப்படிப்பை மொழித் துறைக்கு வழங்குவது, துறை தனித்தே இயங்குவது.

“திரைச்சீலையை வேற சன்னலுக்கு மாட்டிக்கங்க சார்,” என்று வணிகவியல் தலைவரிடம் சொல்லிவிட்டு, மீதிக் கூட்டத்துக்குக் காத்திராமல் பேராசிரியை தலை நிமிர்ந்து வெளியேறினார்.

உணவகத்தில் அவர் தேநீரை வெற்றிக் களிப்போடு பருகி முடிக்கும் வேளையில், உடற்கல்வி இயக்குநர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ரொம்ப நன்றி மேடம். பத்தாவது பொருளும் தேறிடுச்சு. அதுல ‘த்’ விட்டுப்போயிருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததை வெச்சுத் துணைவேந்தரே அதைச் சேத்து, ‘பிழைத்திருத்தல்’னு மாத்தி, எங்க துறைக்குக் குடுத்துட்டார்.”

“பாத்தீங்களா, சொல்லிக் குடுத்தா சபையும் கத்துக்குது.” பேராசிரியை கோப்பையைப் பெருமிதத்தோடு கீழே வைத்தார். “ஒற்று விட்டு எழுதின அந்த விண்ணப்பம் யாரோடது?”

இயக்குநர் ஓரடி பின்வாங்கினார்.

“உங்களுதுதான் மேடம். ஒன்பதாவது என்னோடது.”