அண்ணன் சொல்லிக்கொடுத்த முகம்

மூர்த்தி அண்ணன் பல்லாவரத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் கணக்கெழுதுகிறார் என்றுதான் எண்பதுகளில் எங்கள் வீடு நம்பியது. அண்ணன் அங்கே ஒரு வரியும் எழுதியதில்லை. காலையில் சலவைச் சட்டையோடு மின்சார ரயில் ஏறிப் போய், மாலைவரை ரம்மி ஆடினார். அவர் வேலைபார்த்த தொழிற்சாலையை மூடியபிறகு, இரும்புலியூரில் அம்மா, அண்ணன், நான் என்று எங்கள் மூவருக்கும் சோறு போட்டது அந்தச் சீட்டுக்கட்டுதான். அது எனக்கு மட்டும் தெரியும். (ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிக்கு எதிரில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே.)

அவருடைய மூலதனம் முகம். ஜோக்கர் வந்தாலும் குப்பை வந்தாலும் அது ஒன்றுபோலவே இருக்கும். அடுத்தவர் முகத்தை எக்ஸ்ரே போலப் படித்துவிடுவார் என்பது என் அசையாத நம்பிக்கை.

எனக்கு இருபத்தாறு வயதானபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் என்னைப் பெண் பார்க்க வந்தார். முன்பு வந்தவர்கள் எவரும் என் மனத்தில் நிற்கவில்லை. இவரைப் புகைப்படத்திலேயே பிடித்துவிட்டது. அதனால்தான் நடுக்கம். சமையலறையில் அண்ணனிடம் முறையிட்டேன்.

"பயமா இருக்குண்ணா. மூஞ்சியிலயே தெரிஞ்சிடும்."

"கையில என்ன இருக்குன்னு காட்டிக்காத. அவ்ளோதான். மீதிய நான் பாத்துக்கிறேன்."

நான் நல்ல மாணவி. கேசரித் தட்டோடு போய் நின்ற என் முகத்தைவிடத் திருநீர்மலைப் பாறைக்குச் சற்று நெகிழ்ச்சி அதிகம். தனியாகப் பேச எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். எனக்குச் சம்மதமா, கட்டாயம் ஏதுமில்லையே என்று அவர் மெல்லக் கேட்டார். பெரியவர்கள் சொல்வதுதான் என்றேன், ரயில் நிலைய அறிவிப்புக் குரலில்.

கீழே வந்தவர் தலைகுனிந்து உட்கார்ந்தார். கேசரியைத் தொடவில்லை. பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அதை அண்ணன் படித்தார். ரம்மியில் கை மோசமென்று தெரிந்தால், பெரிதாகத் தோற்பதற்குமுன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். தங்கையைப் பிடிக்கவில்லை என்று பிறர் சொல்லி நான் கேட்க நேருமுன், அண்ணன் கவிழ்த்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சார். இது எங்களுக்கு சரிப்பட்டு வராது."

மாப்பிள்ளையின் அப்பா காபித் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அம்மா திகைத்து நின்றாள். அப்போதும் என் முகம் அசையவில்லை. (பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.)

மறுவாரம் தரகர் வந்து அலுத்துக்கொண்டார்.

"இன்னா சார் நீங்க? அந்தப் புள்ளைக்கு பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துச்சு. மாடில இது மூஞ்சியப் பாத்துட்டு, நம்மள புடிக்கலபோலன்னு பேஜாராயிட்டான். நீங்களும் அதையே சொல்லி அனுப்பிட்டீங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் அவர் கையிலிருந்த சீட்டு அத்தனையும் முகத்தில் தெரிந்தது.

"நான்தாம்மா இவளுக்கு சொல்லிக்குடுத்தேன்" என்று அம்மாவிடம் தொடங்கியவர், மன்றத்தில் தாம் எழுதாத கணக்குவரை சொல்லி முடித்தார். மறுநாளே கூடுவாஞ்சேரிக்குப் போனார். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வந்தவர்களை நான் வேண்டாம் என்றேன். அண்ணனும் தமக்கென்று யாரையும் தேடவில்லை.

எதற்காவது நான் பதில் சொல்லாமல் இருந்தால், "ஜோக்கர் வெச்சிருக்கா, காட்டமாட்டா" என்பாள் அம்மா. உறவுக்காரப் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்.

அம்மா இப்போது இல்லை. மன்றத்தையும் மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஆடுகிறோம். எவ்வளவு மோசமான கை வந்தாலும் அண்ணன் கவிழ்ப்பதில்லை. கடைசிச் சீட்டுவரை உட்கார்ந்து தோற்கிறார். இரும்புலியூர் வீட்டில் அவரும் நானும் இருக்கிறோம்.