சாமிக்குப் பதில் நான் வரலாமா, அத்தை?

திருச்சி கவிதா அத்தை அவர்களுக்கு,

பெரம்பலூரிலிருந்து தம்பி மகள் சிவரஞ்சனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், பக்கத்துத் தெரு முத்தமிழின் வலது கையைத் தவிர. மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

இந்தக் கடிதத்தை அப்பாதான் எழுதச் சொன்னார். போனில் கேட்டால் மாமா உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். "பிரேம்குமார் தங்கமான பையன், சேர்க்கதான் சரியில்ல, சபரிமலைக்குப் போயிட்டு வந்ததும் அவன உங்க வூட்டுல வச்சிப் படிக்க வைக்கணும்னு உருக்கமா எழுதும்மா" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். மீதி நான் எழுதுவது.

பிரேம்குமார் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நடந்து வருவதைப் படம் பிடித்து போனில் போட்டான். அதற்கு முத்தமிழ் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். ஒரே ஒரு பொம்மை. அதற்காக அண்ணனும் இன்னும் ஐந்து பேரும் கிரிக்கெட் ஸ்டம்போடு போய் அவன் கையை உடைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அப்பா அழைத்து வந்தார். வீட்டில் இடி விழும் என்று நினைத்து நான் ஜன்னலைக்கூடச் சாத்தினேன். அப்பா கேட்டது, "சாப்ட்டியாடா?" அம்மா ஆம்லெட் போட்டாள். மறுநாள் அவனைத் தேடி இரண்டு வாத்தியார்கள் வீட்டுக்கே வந்தார்கள். பிள்ளை பேசுவதைப் பெற்றோர் தினமும் ஒரு மணி நேரம் கேட்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு மேடம் சொன்னாராம், தினமும் ஆறு மணிக்கு இரண்டு பேரும் அவன் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள், நான் டீ கொடுக்கிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பத்தாம் வகுப்பில் நான் பள்ளியை விட்டு நின்றேனே, அம்மாவுக்குச் சரியான பிறகும் திரும்பப் போ என்று யாரும் சொல்லவில்லை. என்னைத் தேடியவர் டவுன் பஸ் கண்டக்டர் மட்டும்தான். "என்ன பாப்பா, ஆளையே காணோம்?" என்று கடைத்தெருவில் கேட்டார்.

கோபம் குறையட்டும் என்று கார்த்திகை முதல் தேதி குருநாதன் குருசாமியிடம் அழைத்துப்போய் அண்ணனுக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதிலிருந்து அவன் சாமி. "சாமி, குளிச்சாச்சுங்களா?" என்று அப்பாவே கேட்கிறார். "நேத்தும் இதே கொழம்புதான?" என்று தட்டைத் தள்ளினால் சாமி குற்றம், நான் மறுபடி சமைக்க வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் நான் பக்கத்து வீட்டு வராண்டாவில். முத்தமிழின் அம்மாவும் வேண்டிக்கொண்டு அவனுக்கு மாலை போட்டுவிட்டார். பஜனையில் அண்ணன், "கை எப்படி இருக்கு சாமி?" என்கிறான். அவன், "மால கழட்டட்டும், ஒன்ன பாத்துக்கறேன் சாமி" என்கிறான்.

அத்தை, தீபாவளிக்கு வந்தபோது, "ஒரு புள்ளைய எங்கிட்ட விடுடா, நான் படிக்க வைக்கிறேன்" என்று அப்பாவிடம் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தப் பிள்ளை நான்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகப் பரீட்சை எழுதிப் பத்தாவது முடிக்கலாமாமே. எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. ஆனால் நான் இதுவரை யார் மீதும் கை ஓங்கியதில்லை, சத்தமாகப் பேசியதுகூட இல்லை. அடக்கமான பிள்ளை வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும்
சிவரஞ்சனி

பின்குறிப்பு: கடிதம் கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். உறையில் போடுவதற்குள் அண்ணன் பிடுங்கித் தெருவில் நின்று மற்ற சாமிகளுக்கு வாசித்துக் காட்டினான். "ஏய் ஊமச்சி, ஒனக்குப் படிப்பு ஒரு கேடா?" என்றான். என் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. பாதிக் குடம்தான். அவன் நெற்றியில் நாலு தையல். "மால போட்ட சாமியவே அடிச்சிட்டாளே!" என்று அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். முத்தமிழின் அம்மா எனக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தனுப்பினார். அப்பா குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். முதல் தடவையாகக் கேட்டதால் எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவே சொல்லிவிட்டாள்: "இவள இங்க வச்சிருக்க முடியாது, ஒங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிடுங்க." ஆகவே சனிக்கிழமை காலை பஸ்சில் வருகிறேன். அடக்கமான பிள்ளை என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். குடத்தைப் பற்றி மாமாவிடம் சொல்ல வேண்டாம்.