என் முதுகு சாட்சி சொன்ன வழக்கு

மானம் போன வழக்குகளைப் பற்றிச் சட்டத்தரணிகள் வாய் திறப்பதில்லை. நான் திறக்காவிட்டால் என் குடும்பம் திறந்துவிடும் என்பதால், கண்டி நீதிமன்றத்தில் என் முதுகே எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் தொழிலுக்கு வந்து நான்கு மாதம். கட்சிக்காரர் என் சித்தப்பா. டவுனில் இருபது வருடமாக வாடகைக் கடையொன்றில் தையல் மெஷின் மிதித்தவர். கடையின் சொந்தக்காரர், தன் மகன் ரவி தையல் கடை போட அந்த இடம் தேவை என்று, சித்தப்பாவைக் கிளப்ப வழக்குப் போட்டிருந்தார். தோற்றால் சித்தப்பா சொந்த ஊரான புசல்லாவைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரிய சட்டத்தரணி யாரையாவது பிடிக்கச் சொல்லி எல்லோரும் மன்றாடினார்கள்.

"நம்ம புள்ள இருக்கிறப்ப வெளியாளு எதுக்கு?" என்றார் சித்தப்பா. அதோடு நிற்காமல், இந்த வழக்குக்கென்றே எனக்கொரு கறுப்புக் கோட்டும் தைத்துக் கொடுத்தார்.

ரவிக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்தது என்பது என் திட்டம். அவனைப் பற்றி விசாரித்தேனா? இல்லை. (விரலில் மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றுகிறவனுக்குத் தையல் தெரியாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.)

குறுக்கு விசாரணையில் அவனுக்கு முதுகைக் காட்டி, மிடுக்காக நடந்தபடி கேட்டேன்.

"தையல் தெரியும்னு சொல்றீங்களே, இங்கேயே காட்ட முடியுமா?"

அவன் தயங்கினான். நான் விடவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க!"

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. ஐயா கோட்டுல எடது தோளு எறங்கியிருக்கு. முதுகுல துணி பையாட்டம் நிக்குது. வலது கை அரை இன்ச் கட்டை."

நீதிபதிக்காக மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு குறையையும் சிங்களத்தில் நிதானமாக ஒப்புவித்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். வேறென்ன செய்வது?

பின்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த சித்தப்பா துள்ளி எழுந்தார். "கோட்டுல குத்தமில்லீங்க ஐயா! அளவெடுக்கிறப்ப இவரு நின்னாத்தானே? கைய ஆட்டி ஆட்டி வாதாடிக்கிட்டே இருந்தாரு!"

அதுவும் சிங்களத்துக்குப் போனது. நீதிபதி அவசரமாகப் பதினைந்து நிமிட இடைவேளை அறிவித்து உள்ளே போய்விட்டார். அவர் சிரித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

வராந்தாவில் சித்தப்பா நேராக ரவியிடம் போனார். அடிதடிதான் என்று பயந்து பின்னால் ஓடினேன்.

"அரை இன்ச்சுன்னு எப்படிப்பா கண்ணாலயே புடிச்ச?" என்று அவர் கேட்டார்.

பிறகு இருவரும் என்னைத் தூணோடு நிறுத்தி, கோட்டை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலேயே வழக்கும் சமாதானமானது; ரவியின் அப்பாவும் தலையாட்டிவிட்டார். கடை இரண்டாகப் பிரிந்தது. ரவிக்குக் கோட்டு, காற்சட்டை; சித்தப்பாவுக்கு ரவிக்கையும் பள்ளி உடுப்பும். சட்டத்தரணியாக நான் செய்ததெல்லாம் அசையாமல் நின்றதுதான். ஆனாலும் சித்தப்பா ஊர் முழுக்க, "நம்ம புள்ளதான் கடைய மீட்டுச்சு" என்று சொல்லித் திரிந்தார்.

வீட்டில் அந்தப் பெருமை செல்லாது. இன்றைக்கும் நான் குரலை உயர்த்தி, "எங்கே, காட்டு பார்க்கலாம்!" என்று யாருக்காவது சவால் விட்டால், என் மகள் பணிவாகச் சொல்வாள்:

"அப்பா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க."